கைப்பிடி மாநிலத்துக்கு, குழல் மத்திய அரசுக்கு

துப்பாக்கியின் கைப்பிடி மாநில அரசுக்கும் குழல் மத்திய அரசுக்கும் சொந்தம் என்று சென்னியப்பனுக்குத் தெரியவந்தபோது, அவன் கைப்பிடியைச் செய்து முடித்துவிட்டுக் குழலில் பாதி தூரம் வந்திருந்தான். இரண்டுக்கும் நடுவே, சாப்பாட்டு மேசையின் குறுக்காக, எல்லைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த தண்ணீர்த் தம்ளரை அந்தப் பக்கம் நகர்த்தினால் ஒரு விரல்கடை தண்ணீர் குறைந்தது. திருப்பி நகர்த்தினால் இன்னொரு விரல்கடை குறைந்தது.

சென்னியப்பன் வம்பு தும்புக்குப் போகிறவன் அல்ல. பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவன். அந்த ஊரில் எல்லோருமே வீட்டில் எதையாவது செய்துகொண்டுதான் இருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஒரு பாலம் செய்துகொண்டிருந்தார். அது அவர் வீட்டுக் கூடத்தில் தொடங்கிக் கொல்லைப்புறம் வழியாக வெளியேறிவிட்டது. அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கிக்கு மட்டும் இரண்டு சட்டங்கள். இரண்டையும் புரிந்துகொண்ட பிறகுதான் விசையைப் பொருத்தலாம்.

"ஏனுங்க, அதைத் தூக்கிட்டுப் போயி ஒருக்கா கேட்டுட்டு வந்துருங்க. எனக்கு மேசை வேணும்," என்றாள் அவன் மனைவி வசந்தாமணி.

அவள் பக்கவாட்டில் நின்று சொன்னாள். பேக்கரிச் சம்பவத்துக்குப் பிறகு அவள் பக்கவாட்டில் மட்டுமே தெரிந்தாள். சென்னியப்பன் எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் ஒரு காதும் ஒரு கண்ணும்தான்.

பேக்கரியில் நடந்தது இதுதான். வாங்கிக்கொண்டு வந்து வாசலில் ஸ்கூட்டரை எடுக்கும்போது பக்கத்தில் நின்ற காரில் லேசாக உரசிவிட்டது. காரிலிருந்து நாச்சிமுத்து இறங்கினார். அரிசி மண்டி வைத்திருப்பவர். முன்பின் பழக்கம் கிடையாது. அவர் கீறலைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு உள்ளே போய் முட்டை பப்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்கூட்டரின் பின்சீட்டில் சென்னியப்பனின் மகள் வர்ஷிதா தேங்காய் பன்னோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எட்டு வயது.

இருவரும் வீடு திரும்புவதற்குள் செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டது. அது கூடத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது. வசந்தாமணி அதற்குத் தட்டில் முறுக்கு வைத்திருந்தாள். அவர்கள் நுழைந்ததும் அது வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் வரனுங்க, இன்னும் நாலு வீடு பாக்கி," என்று எழுந்து போயிற்று. அப்போது பக்கவாட்டில் திரும்பியவள்தான் வசந்தாமணி.

மறுநாள் காலை சென்னியப்பன் துப்பாக்கி செய்ய உட்கார்ந்தான். எதற்கு என்று தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து, வசந்தாமணி சொன்னபடி, செய்தவரைக்கும் எல்லாவற்றையும் டிபன் கேரியரில் அடுக்கிக்கொண்டு கிளம்பினான். வர்ஷிதாவும் கூட வந்தாள். அவளைக் கொஞ்ச நாள் அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். காரணம் அவனுக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருப்பதற்காக அவன் வேகமாக நடந்தான்.

இரண்டு அரசுகளின் அலுவலகங்களும் ஒரே கல்யாண மண்டபத்தில் இருந்தன. வாசலில் ஒரு பெண் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள வீடுங்களா, பொண்ணு வீடுங்களா?"

"துப்பாக்கிங்க."

"தெரியுதுங்க. கைப்பிடிக்கு வந்திருந்தா மாப்ள வீடு. குழலுக்கு வந்திருந்தா பொண்ணு வீடு."

"ரெண்டும் இருக்குதுங்க."

"விசை?"

"இன்னும் வெக்கலீங்க. அது எந்த வீட்டுதுங்க?"

அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் பன்னீரைத் தெளித்தாள். "மொதல்ல சாப்பிடுங்க," என்றாள்.

பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆள் உட்கார உட்கார பந்தி நீண்டது. கடைசி இலை எங்கே போடப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. பரிமாறுகிறவர்கள் அந்தப் பக்கம் போனால் திரும்பி வரும்போது தாடி வளர்ந்திருந்தது. இலையின் இடது ஓரத்தில் மாநிலச் சட்டத்தை வைத்தார்கள். நடுவில் மத்தியச் சட்டத்தைக் கொட்டினார்கள். மாநிலச் சட்டம் புளித்தது. மத்தியச் சட்டத்தில் உப்பே இல்லை.

சென்னியப்பன் பிசையப் போனான். பக்கத்து இலைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிசையக் கூடாதுங்க. தனித்தனியாச் சாப்பிடோணும். பிசைஞ்சா கேசு."

"நீங்க அடிக்கடி வருவீங்களா?"

"நான் எங்க வந்தேன்? எங்கப்பாரு பீரங்கிக்கு வந்தாருங்க. நான் இங்கதான் பொறந்தேன்."

பரிமாறுகிறவர் குனிந்து, "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் புரிஞ்சுதுங்க."

"அப்ப இன்னுங் கொஞ்சம் போடறேன்."

சென்னியப்பன் இலைக்கு மேல் கையை விரித்து மறைத்தான். போதும் என்றான். அப்பளத்தை மட்டும் தின்றுவிட்டு வர்ஷிதா இலையை மூடிவிட்டாள்.

மாநில அதிகாரி ஈஸ்வரமூர்த்தி மாப்பிள்ளை அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி. நெற்றியில் சந்தனம். அவர் கைப்பிடியை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வேப்பமரம்."

"ஆமாங்க."

"எங்க சட்டம் ரொம்பச் சுலபமுங்க. கைப்பிடி யாரு கைக்குப் பொருந்துதோ துப்பாக்கி அவங்களுது. செஞ்சவரு யாரா இருந்தாலுஞ் சரி. எங்கே, புடிங்க பாக்கலாம்."

சென்னியப்பன் பிடித்தான். பொருந்தவில்லை. விரல்களுக்காக அவனே குடைந்த பள்ளங்கள் அகலமாக இருந்தன. உள்ளங்கை நிற்க வேண்டிய இடத்தில் தசை பருத்த ஒருவருக்கான வளைவு இருந்தது. அத்தனை நாளும் அதை இழைத்து இழைத்துப் பார்த்தவன் அவன்தான். ஒரு தடவை கூட அது பெருத்துக் கிடந்தது அவனுக்குத் தட்டுப்படவில்லை.

"இது உங்க கை இல்லீங்களே," என்றார் ஈஸ்வரமூர்த்தி. கைப்பிடியை வாங்கி, யோசித்து, மெதுவாகச் சென்னியப்பனின் இடது கன்னத்தில் வைத்து அழுத்தினார். அது அங்கே அச்சாக உட்கார்ந்தது. எடுத்தபோது தோலில் பள்ளம் தெரிந்தது.

"ஓஹோ," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "அடிச்சவரு கைங்களா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தான். தரையில் மாப்பிள்ளைத் தோழர்களின் செருப்புகள் கிடந்தன. எல்லாம் அவனையே பார்த்தபடி கிடந்தன.

"அதிலென்ன வெக்கம்? எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. ஞாபகத்துல இருக்கற கைக்குத்தான செதுக்க வரும். அவரைக் கூட்டிட்டு வாங்க. முறையா அழைக்கோணும். தாம்பாளம் எடுத்துக்கங்க."

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம், குங்குமம். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சென்னியப்பன் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனான். வர்ஷிதாவை மண்டபத்திலேயே உட்கார வைத்துவிட்டு வந்தான். அடித்தவனைத் தட்டோடு அழைக்கப் போவதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தான். தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். சிலர் தாங்களும் வரவேண்டுமோ என்று சட்டையை மாற்றிக்கொண்டு பின்னாலேயே வந்து, இல்லை என்று தெரிந்ததும் திரும்பினார்கள்.

நாச்சிமுத்து வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க, வாங்க. உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?" என்றார். நல்ல மனிதராக இருந்தார். அது சென்னியப்பனுக்கு இன்னும் கூசியது. அவருடைய சட்டையின் வலது கை வெறுமையாகத் தொங்கியது.

"ஒரு துப்பாக்கி விசயமுங்க. நீங்க அவசியம் வந்து, வலது கையை ஒருக்கா வெச்சுக் குடுக்கோணும்."

"வலது கைங்களா? அது உள்ள படுத்திருக்குதுங்க."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அது இப்பெல்லாம் சொன்ன பேச்சுக் கேக்கறதில்லீங்க. நேத்துப் பால்காரரை என்னமோ பண்ணிப்போடுச்சு. நாங்க ரெண்டு பேரும் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தோம்."

"உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்குதுங்களா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

நாச்சிமுத்து உற்றுப் பார்த்தார். நிஜமாகவே முயன்றார். நெற்றி வேர்த்தது.

"மண்டியில அரிசி எடுத்திருக்கீங்களா?"

"இல்லீங்க. பேக்கரி. என்ர ஸ்கூட்டர் உங்க காருல."

"பேக்கரி ஞாபகமிருக்குது. அன்னைக்கு பப்ஸ் நல்லா இருந்துச்சு. உங்களைத்தான்..." அவர் தலையைச் சொறிந்தார். "கோச்சுக்காதீங்க. அந்த நேரத்துல நான் மொகத்தைப் பாக்கறதில்லைங்க."

சென்னியப்பன் தாம்பாளத்தை நீட்டிக்கொண்டே நின்றான். இத்தனை நாளும் அந்த மனிதர் தன்னை நினைத்து எங்கேயோ சிரித்துக்கொண்டிருப்பார் என்று நம்பியிருந்தான். அதை நம்பித்தான் மரத்தை இழைத்தான். அவர் சிரிக்கவே இல்லை. அவர் கணக்கில் அவன் வரவே இல்லை.

"பரவால்லீங்க," என்றான்.

நாச்சிமுத்து உள்ளே போய்க் கையைத் தட்டி எழுப்பினார். அது வர மறுத்தது. அவர் மனைவி அதற்கு மோதிரம் போட்டு, பவுடர் பூசிச் சமாதானப்படுத்தி அனுப்பினாள். நாச்சிமுத்து அதைத் தோளில் மாட்டிக்கொண்டார். வழி நெடுக அது தூங்கி வழிந்தது.

மண்டபத்தில் இப்போது எல்லோரும் மணமேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஈஸ்வரமூர்த்தி ஒரு பக்கம். மத்திய அதிகாரி பானுரேகா ஒரு பக்கம். மெட்ராஸிலிருந்து வந்தவள். கூரைப்புடவையில், ஒற்றைக் கண்ணில் கண்ணாடிச் சில்லு ஒன்றை இடுக்கிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில், சென்னியப்பன் வீட்டு மேசையில் ஓடிய அதே கோடு ஓடியது. முதல் வரிசையில் வர்ஷிதா கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கைப்பிடியை நீட்டியதும் நாச்சிமுத்துவின் கை விழித்துக்கொண்டது. அது தாவிப் பிடித்தது. ஒரு நூல் இடைவெளி இல்லை. கூட்டத்தில் யாரோ, "பொருத்தம்னா இதுதான் பொருத்தம்," என்றார்கள்.

"மாநிலத்துக்குத் திருப்தி," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

பானுரேகா குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இந்தக் குழல் பின்னாடி பார்க்குது சார்."

"நேராத்தானுங்க இருக்குது."

"நேராத்தான் இருக்கு. ஆனா பின்னாடி பார்க்குது. பேக்கரி தெரியுது. அவர் அறையறார். அதுக்கப்புறம் நீங்க என்ன பண்றீங்க சார்?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"பண்றீங்க. எனக்குத் தெரியுது. ஆனா நீங்க வாயால சொல்லணும். எங்க சட்டம் அப்படி."

யாரோ மைக்கைக் கொண்டுவந்து அவன் வாயருகே பிடித்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். சென்னியப்பனின் மூச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. கழிவறையில் இருந்தவர்களுக்குக் கூடக் கேட்டிருக்கும்.

"சிரிச்சனுங்க," என்றான்.

ஒலிபெருக்கி அதை வாங்கி, சுவரில் அடித்து, மூன்று தடவை திருப்பிச் சொன்னது.

"அப்புறம்?"

"அவருகிட்ட, பரவால்லீங்கன்னேன். தப்பு என்ர மேலதான்னேன். அப்புறம் புள்ள கேட்டுது, ஏம்ப்பா அந்த மாமா அடிச்சாருன்னு. விளையாட்டுக்கு அம்முணி, அவரு நமக்குத் தெரிஞ்சவரு, பெரியவங்க அப்படித்தான் விளையாடிக்குவாங்கன்னு சொன்னனுங்க. அதுவுஞ் சிரிச்சுது."

"அப்புறம்?"

பானுரேகா குழலைக் கண்ணிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். கூட்டமும் காத்திருந்தது. பந்தியில் பார்த்த பீரங்கிக்காரரின் மகன் எட்டிப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு பையன் புள்ளையைப் பென்சில்ல குத்தியிருக்கறானுங்க. கையில ரத்தம். இது சிரிச்சிருக்குது. டீச்சர் கேட்டதுக்கு, விளையாட்டுக்குத்தான் டீச்சர்னு சொல்லியிருக்குது. மறுநாளும் குத்தியிருக்கறான். மறுநாளும் சிரிச்சிருக்குது. இந்தப் புள்ளையைப் பாத்தாப் பயமா இருக்குது, கொஞ்ச நாள் அனுப்பாதீங்கன்னுட்டாங்க."

அவன் வர்ஷிதாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்து, பழக்கப்பட்ட முறையில், அழகாகச் சிரித்தாள். முன்கையில் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தன. தரை பிளந்தால் இறங்கிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. தரை கொஞ்சம் பிளந்தும் பார்த்தது. உள்ளேயும் ஒரு பந்தி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் காலை எடுத்துக்கொண்டான்.

"இப்ப ஒரே ஒரு விசயந்தான் பாக்கி," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "அவருக்கு ஞாபகமில்லைங்கறாரு. கைக்கு ஞாபகமிருக்குதான்னு பாக்கோணும்."

நாச்சிமுத்து பதறினார். "வேண்டாமுங்க. எனக்கு இவரு மேல ஒரு கோவமும் இல்லை." அவர் சொல்லி முடிப்பதற்குள் கை கைப்பிடியைக் கீழே வைத்தது. மோதிரத்தைத் திருகிச் சரிசெய்துகொண்டது. உயர்ந்தது.

சென்னியப்பனின் முகம் தானாகவே தயாராயிற்று. உதடுகள் விரிந்தன. கண்ணோரம் சுருங்கிற்று. அவன் அதைச் செய்யவில்லை. அது நடந்தது. பரவால்லீங்க என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது.

"அப்பா," என்றாள் வர்ஷிதா. அவள் எழுந்து நின்றிருந்தாள். "இதுவும் விளையாட்டாப்பா?"

அவன் உதடுகளை மூடப் பார்த்தான். மூடவில்லை. இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். ஒரு பக்கம் இறங்கியது. மறுபக்கம் ஏறிக்கொண்டது. கூட்டத்தில் சிலர் குனிந்துகொண்டார்கள். ஒரு வழியாக வாயை மூடி, பல்லைக் கடித்து, அப்படியே பிடித்துக்கொண்டான்.

அறை விழுந்தது.

மைக் அதையும் மூன்று தடவை சொன்னது.

"இல்லை அம்முணி," என்றான் சென்னியப்பன். குரல் சிறுபிள்ளைக் குரல் மாதிரி வந்தது. "விளையாட்டு இல்லை. வலிக்குது."

கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அத்தனை பேர் முன்னால், சந்தனமும் பூவும் வைத்துக்கொண்டு வந்தவர்கள் முன்னால், காயில் கட்டுகிற மனிதன் நின்று அழுதான். துடைக்கக் கையைத் தூக்கினான். பிறகு எதை வைத்துத் துடைப்பது என்று தெரியாமல் இறக்கினான்.

பானுரேகா குழலைக் கீழே வைத்தாள். "எங்க தரப்பு கடைசிக் கேள்வி. சுடுமா?"

இன்னும் விசை வைக்கவில்லை என்று சொல்லச் சென்னியப்பன் வாயெடுத்தான். அதற்குள் வர்ஷிதா மேடையேறி வந்துவிட்டாள். நுனிக்காலில் நின்று, தன் சின்ன உள்ளங்கையை அவன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"சுடுது," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கெட்டி மேளம் முழங்கியது. கூட்டம் அட்சதையை வீசியது.

குழலை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள் பானுரேகா. "இது வெறும் குழாய் சார். உங்க கன்னத்தைத்தான் பதிவு பண்ணியிருக்கோம். விரல் அஞ்சும் நல்லா விழுந்திருக்கு. அதுதான் பதிவு எண். இனிமே சிரிக்கக் கூடாது. சிரிச்சா எண் அழிஞ்சுடும். எண்ணை அழிக்கிறது எங்க சட்டப்படி பெரிய குற்றம்."

"மாநிலத்துக்குள்ள எங்க வேணும்னாலும் கொண்டு போகலாமுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "ஆனா மறைச்சுக் கொண்டு போகக் கூடாது. துண்டு போட்டு மூடறது, கையை வெச்சுக்கறது, ஆளைப் பாத்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கறது, எல்லாங் குத்தம்."

"வீட்டுலயுங்களா?"

"வீட்டுல ரொம்பக் குத்தமுங்க."

கைப்பிடியை நாச்சிமுத்துவுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். "எனக்கெதுக்குங்க இது?" என்று அவர் கெஞ்சினார். கை ஏற்கனவே பைக்குள் புகுந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இனி அது விடாது என்று பரிமாறுகிறவர்கள் சொன்னார்கள். நாச்சிமுத்து சென்னியப்பனின் எதிரில் வந்து நின்றார். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கை அவரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெளியே வெயில் இருந்தது. டவுன் பஸ்ஸில் கூட்டம் குறைவு. சென்னியப்பனுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. வலது கன்னத்தை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு, இடது கன்னத்தை உள்பக்கம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். வேறு மாதிரி உட்கார அனுமதி இல்லை. வர்ஷிதா அவன் மடியில் ஏறி, முன்கையில் இருந்த பென்சில் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"இது வலிச்சுதுப்பா," என்றாள். "இதுவும். இது ரொம்ப."

"ஆமா கண்ணு," என்றான்.

எதிர்சீட்டில் இருந்த பெரியவர் அவன் கன்னத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். கண்டக்டர் டிக்கெட்டைத் தூர நின்று நீட்டினார். அவரைப் பார்த்துச் சும்மா ஒரு சிரிப்புச் சிரித்து வைக்கலாம் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. அவமானம் காதுவரை ஏறியது. அவன் சிரிக்காமல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டான்.

அடுத்த நிறுத்தத்தில் ஏறியவர்களும் பார்த்தார்கள்.